எண்பத்தேழாம் இதழில் கேப்டன் சொன்னது

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் முழுக்க வெந்த பீட் கிழங்கின் நாற்றம்தான். மொராவா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிராக்டர்கள் கிழங்கை ஏற்றி வந்து சர்க்கரை ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும். தார் ரோடு சேறாகிவிடும். துவைத்த துணியை வெளியே காயப்போட்டால் நாற்றத்தோடுதான் உடுத்த வேண்டும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது சம்பளத்தின் வாசனை.

என் அடுத்த வீட்டு ஜிவாதின் அந்த ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். அவன் மனைவி தெசாங்கா நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவள். நான் விதோமிர், ஊர் வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். பிழை திருத்துகிறவனுக்கு மூக்கு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். எனக்குத் தேவைக்கு மேலேயே நீளம் என்று தெசாங்கா முகத்துக்கு நேராகவே சொல்லுவாள்.

ஜிவாதினிடம் ஒரு பைத்தியம் உண்டு. கேப்டன் வொங்கோலா. இத்தாலியிலிருந்து வந்து எங்கள் மொழியில் வியாழன்தோறும் பெட்டிக்கடையில் தொங்கிய காமிக்ஸ் அது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இதழ். இருநூற்றுப் பன்னிரண்டும் அவனிடம் இருக்கிறது, நைலான் உறை போட்டு, எண் வரிசையில், கல்யாணத்துக்கு வாங்கிய துணி அலமாரியில். தெசாங்காவின் குளிர்காலக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

கேப்டன் வொங்கோலா ஒரு குண்டன். ஓட்டைக் கப்பலில் ஊர் ஊராகக் கள்ளச் சரக்கு ஏற்றுவான். எந்தத் துறைமுகத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டான். இடுப்பில் ஒரு துருப்பிடித்த துப்பாக்கி இருக்கும். அதை வைத்து அவன் அக்ரூட் உடைப்பான், கதவைத் தட்டுவான், முதுகு சொறிவான். இருநூற்றுப் பன்னிரண்டு இதழிலும் ஒருமுறைகூடச் சுட்டது கிடையாது. அவன் ரசிகர்களுக்கு அதுதான் பெருமை.

எண்பத்தேழாம் இதழ்தான் விசேஷம். கடைசிப் பக்கத்தில் சுங்கத்துறைக் கப்பல்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. பீரங்கி எல்லாம் இவனைக் குறி பார்க்கின்றன. கப்பல் சமையல்காரன் கரண்டியோடு ஓடி வந்து, "கேப்டன், இப்ப என்ன செய்ய?" என்று கேட்கிறான். கேப்டன் வாயைத் திறக்கிறான். தலைக்கு மேலே பேச்சு எழுதுகிற பலூன் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அச்சகத்தில் எழுத்து போட மறந்துவிட்டார்கள். அடுத்த இதழில் கதை வேறு எங்கோ ஆரம்பித்தது. கேப்டன் என்ன சொன்னார் என்று நாடே கேட்டது. ரசிகர்கள் ஆளாளுக்குப் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்கள். என் பிரதியில் நான் எழுதியது, "நான் அப்பவே சொன்னேன்." ஜிவாதின் மட்டும் எழுதவில்லை. கேப்டன் வாயில் வார்த்தையைத் திணிக்க நாம் யார் என்பான். அவனுடைய எண்பத்தேழு சுத்தமான வெள்ளை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நவம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை. அவர்கள் வீட்டு முற்றத்தில் முட்டைக்கோஸ் ஊறப்போடும் வேலை. நான் வேலிப் படலைத் திறந்ததுமே தெசாங்கா கத்தியை நீட்டினாள்.

"மோப்பம் பிடிச்சு வந்துட்டியா வீதோ? வந்தது வந்த, தண்டக் குடைஞ்சு குடு. உப்பு நான் வெக்கிறேன்."

நாற்பது ஐம்பது கோஸ் குவிந்து கிடந்தது. தண்டைக் குடைந்து, குழியில் கல்லுப்பு அடைத்து, பீப்பாயில் நெருக்கி அடுக்க வேண்டும். கை விறைத்துப் போகிற குளிர். அவள் வழக்கம்போலப் பேசவில்லை.

"என்ன, உப்பு உனக்கும் சேத்து வெச்சாச்சா?" என்றேன்.

"என் தம்பி செவ்வாக்கிழமை பஸ் ஏறுறான். வெளிநாட்டுல, லின்ஸ்ல மக வீட்டோட போயிடுறானாம். வீட்ட வித்தாச்சு."

"ப்ளாகொயேவா? திரும்பி வர மாட்டானா?"

"வீடே இல்லாம எங்க வருவான்? என் வீட்டுக்கா?" என்றவள் கோஸை பீப்பாயில் போட்ட வேகத்தில் தண்ணீர் தெறித்தது. "திங்கக்கிழமை நம்ம ஸ்லாவா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் மேசையில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனான்னா போதும். கூப்பிடவும் வழியில்ல."

வழியில்லைதான். ஸ்லாவா வீட்டுப் புனிதரின் நாள். அதற்கு யாரையும் அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வருகிறவன் தானாக வருவான். அழைத்தால் அழைத்தவனுக்கும் இழுக்கு, வந்தவனுக்கும் இழுக்கு. வந்தவனை வாசலோடு அனுப்புகிற வழக்கமும் கிடையாது. பரம எதிரி வந்தாலும் மேசையில் தட்டு உண்டு. எனக்குத் தெரிந்து அது ஒரே ஒருமுறை மீறப்பட்டது, இதே வீட்டில்.

நாடு உடைந்து சண்டை தொடங்கிய தொண்ணூற்றொன்றாம் வருஷம். செப்டம்பரில் ப்ளாகொயேவைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தக் காகிதம் வந்தது. நவம்பரில் அவன் திரும்பினான், ஸ்லாவாவுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் மேசையில் மீன். நானும் இருந்தேன். ஜிவாதின் வாசலிலேயே மறித்து, "சுடணும்னு நிக்கிறவனுக்கு என் மேசையில எடமில்ல" என்றான். ப்ளாகொயே கொண்டுவந்த பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பத்தொன்பது வருஷம் அந்த இரண்டு தெருவை அவன் தாண்டவில்லை.

நாங்கள் எல்லோரும் அதைச் சண்டைக் காலத்துக் கோபம் என்றே எடுத்துக்கொண்டோம். அந்த வருஷம் எத்தனையோ வீட்டில் அப்படி உடைந்தது.

ஷிப்டு முடிந்து ஜிவாதின் வந்தான். பூட்ஸ் முழுக்கக் கிழங்குச் சேறு. நான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நோவி சாத் நகரத்து ரசிகர் மன்றம் என் பத்திரிகை முகவரிக்கு எழுதியிருந்தது. எண்பத்தேழாம் இதழ் வைத்திருப்பவர்கள் அந்த பலூனைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். யார் யார் என்ன எழுதினார்கள் என்று கண்காட்சி வைக்கப் போகிறார்களாம்.

"உன்னோடது ஒண்ணுதான்டா நாட்டுலயே எழுதாத பலூன். அதுக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி போடுவாங்க" என்றேன்.

"அனுப்ப முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. உன் மூக்க வேற எங்கயாச்சும் நுழை."

அப்படிச் சொன்னால் என் மூக்கு அடங்குமா? பின்னாலேயே உள்ளே போனேன். அவன் கை கழுவுகிற வரை நின்றேன், பழச் சாராயம், எங்கள் ரக்கியாவை, ஊற்றுகிற வரை உட்கார்ந்தேன். இரண்டாவது கிளாசுக்கு வாயைத் திறந்தான்.

"அது வெள்ளையா இல்ல. அதுல எழுதியிருக்கு."

எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. "யாரு?"

"யாருக்கு நான் இரவல் குடுப்பேன்? ஒருத்தனுக்குத்தான் குடுத்தேன். லிபியாவுல எட்டு வருஷம் பெயின்ட் அடிச்சிட்டு வந்தவன், பாவம், ஒண்ணுமே படிச்சதில்லன்னு முதல்லருந்து குடுத்தேன். எம்பத்தேழு அவன்கிட்ட இருக்கும்போது காயிதம் வந்துச்சு. போற அன்னிக்குக் காலைல அவன் அக்காகிட்ட குடுத்துட்டுப் போயிருக்கான். அலமாரில வெக்கும்போது பிரிச்சுப் பாத்தேன்."

"என்னடா எழுதியிருந்தான்?"

"அதச் சொல்லித்தான் நீ இன்னைக்குத் தூங்கணுமா?" சட்டென்று எழுந்து அலமாரிக்குப் போனான். "படி. படிச்சிட்டுச் சொல்லு, அன்னிக்கு நான் செஞ்சது தப்பான்னு. பத்தொம்பது வருஷமா ஒருத்தன்கிட்டயும் காட்டல. காட்டுனா அசிங்கம் எனக்கில்ல, அவனுக்குத்தான். என் பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு மூடி வெச்சேன்."

ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிரித்தேன். பலூனுக்குள் நீல மையில் பெரிய எழுத்துகள், அச்செழுத்து மாதிரியே. ப்ர்வோ தா புத்ஸாமோ. முதலில் சுடுவோம்.

அக்ரூட் உடைக்கிற கேப்டன் வாயில், அதுவும் அந்த வருஷத்தில். ஜிவாதின் மேல் இத்தனை நாள் வைத்திருந்த கோபம் பாதி இறங்கியது. ஆனாலும் பிழை பார்க்கிற கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நான் பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன்.

"இன்னும் என்னத்தப் பாக்குற?"

"கொஞ்சம் இரு."

எங்கள் மொழிக்கு எழுத்து இரண்டு வகை, சிரிலிக்கும் லத்தீனும். பள்ளியில் இரண்டும் படிக்கிறோம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு யோசிக்காமல் தாவுகிறோம். காமிக்ஸ் லத்தீனில் வரும். இந்த வாசகமும் லத்தீனில்தான் இருந்தது. 'த்ஸ' என்று ஜிவாதின் படித்த எழுத்தின் தலையில் குட்டியாக ஒரு கொக்கி இருந்தது. அது பலூனின் கோட்டோடு ஒட்டிக்கொண்டதால் வெறுங்கண்ணுக்குக் கோட்டின் தடிப்பு போலத் தெரிந்தது. கொக்கி போட்டால் அது 'த்ஸ' இல்லை, 'ச்ச'. அப்படியானால் வார்த்தை 'புச்சாமோ'. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது.

அப்புறம்தான் அந்த வார்த்தையின் முதல் எழுத்தைப் பார்த்தேன். ஒரு கம்பம், மேலே ஒரு வயிறு. லத்தீனில் அது 'ப'. அதே வடிவம் சிரிலிக்கில் 'ர'. லத்தீனில் 'ர' வேண்டுமென்றால் வயிற்றுக்குக் கீழே ஒரு கால் போட வேண்டும். எழுதியவரின் கை நடுவில் ஓரிடத்தில் சிரிலிக்குக்குத் தாவிவிட்டிருக்கிறது. கால் போட மறந்த 'ர' அது.

"ஜிவா, இது புத்ஸாமோ இல்லடா. ருச்சாமோ."

"என்ன?"

"சுடுவோம் இல்ல. சாப்பிடுவோம். முதல்ல சாப்பிடுவோம்னு எழுதியிருக்கு."

அவன் புத்தகத்தைப் பிடுங்கினான். கண்ணாடியைப் பிடுங்கினான். உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தான். கிளாசில் ரக்கியா அப்படியே இருந்தது.

"அப்படின்னா அவன் தப்பா எழுதினானா?"

"ப்ளாகொயே போர்டு எழுதிச் சாப்பிடுறவன். இந்த ஊர்ல பாதிக் கடைக்கு ரெண்டு எழுத்துலயும் பேர் எழுதினவன். அவன் கை மாறாது. இது நாள் பூரா சிரிலிக்குல எழுதுற கை."

பதிவேடு சட்டப்படி சிரிலிக்கில்தான் எழுத வேண்டும். அதை நான் சொல்லவில்லை. ஜிவாதின் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தான். பிறகு அவனே கூப்பிட்டான்.

தெசாங்கா உப்புக் கையோடு வந்தாள். புத்தகத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இது நான் எழுதினது. இதுக்கா கூப்பிட்ட?"

"நீயா?"

"ஏய்யா, தம்பி குடுத்துட்டுப் போனானா, அது ஒரு வாரம் ஆபீஸ் மேசை டிராயர்ல கெடந்துச்சு. நீதான் இந்தக் குப்பைய நான் தொடக்கூடாதுன்னுவியே. அதனாலயே தொட்டேன். அன்னிக்கு ரெண்டு பேரு பேர எறப்புப் பதிவேட்டுல எழுதினேன். ஒருத்தனுக்கு இருபது வயசு, ரொட்டிக்கடைக்காரர் மகன். சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு, எனக்கு எறங்கல. இத எடுத்துப் புரட்டினேன். நாலு பக்கமும் பீரங்கிய வெச்சுக்கிட்டு நிக்கிறான் அந்தக் குண்டன். எனக்குத் தோணுச்சு, எழுதினேன். அழிக்கச் சொல்றியா இப்போ?"

நான்தான் சொன்னேன், இவன் எப்படிப் படித்தான் என்று. ஒரு கால் இல்லாததால் என்ன ஆனது என்று.

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதனாலயா? அவன் பட்டாளத்துக்குப் போனதுனாலன்னு நெனச்சேன். நீ அதச் சொல்லித்தான் தொரத்தினன்னு நெனச்சேன். இதனாலயா?"

"நீ எழுதினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ கேட்டியா? இது யார் எழுதினதுன்னு ஒரு வார்த்தை நீ கேட்டியா?"

அவள் அழவில்லை. கையில் இருந்த உப்பை மடியில் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பனி மூட்டம். ஜிவாதின் சவரம் செய்து, கோட்டு மாட்டி, எண்பத்தேழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கதவைத் தட்டினான். "நீயும் வா. எழுத்தப் பத்திப் பேச ஆளு வேணும்." உண்மையில் அவனுக்குத் தனியாகப் போகப் பயம். எனக்கோ கூப்பிடாவிட்டாலும் போகிற யோசனை.

ப்ளாகொயேவின் முற்றத்தில் சாமான் எல்லாம் வெளியே கிடந்தது. காலி பெயின்ட் டப்பாக்கள், ஏணி, யாரோ வாங்காமல் போன ஒரு சலூன் போர்டு. அவன் பிரஷ்களைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வீடு வித்தாச்சு அத்தான். லேட்டா வந்துட்டீங்க" என்றான்.

ஜிவாதின் புத்தகத்தைப் பிரித்து நீட்டினான். ப்ளாகொயே கையை நீட்டி, தூரத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது அக்கா எழுத்தாச்சே. ஒரு ர-வுக்குக் கால் விட்டுட்டா." ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். "சரி, எதுக்கு இது இப்போ?"

ஜிவாதின் சொன்னான். திக்கித் திக்கி, சேற்றைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். சுடுவோம் என்று படித்தது, அவன் எழுதினான் என்று நினைத்தது, வாசலில் மறித்தது. கடைசியில், "ஒரு கால் போட்டுக் குடுடா மாப்ள. உன் கையால போடு" என்றான். அந்த அலமாரிப் புத்தகத்தில் பென்சில் முனை படுவதையே பொறுக்காதவன் அவன்.

ப்ளாகொயே பிரஷ் கட்டிய கயிற்றின் முடிச்சை இறுக்கினான்.

"அங்க நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா அத்தான்? ரொட்டி லாரி ஓட்டினேன். ரெண்டு மாசம். துப்பாக்கி சீட்டுக்கு அடியில கெடந்துச்சு, எறங்கும்போது எண்ணிக் குடுத்துட்டு வந்தேன். இதச் சொல்லிச் சிரிக்கலாம்னுதான் அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். கேப்டன் வொங்கோலா மாதிரியே இருந்துட்டு வந்தேன் அத்தான்னு சொல்லணும்னு வழி பூரா மனசுல வெச்சுக்கிட்டு வந்தேன்."

"எனக்குத் தெரியாதுடா."

"எழுத்து தப்பு அக்காளோடது. சரி. அத நம்புனது யாரு? பதினஞ்சு வயசுலருந்து என்னத் தெரியும் உங்களுக்கு. ஒரு பலூன நம்பினீங்க, என்ன நம்பல."

"நான்தான்" என்றான் ஜிவாதின். "தப்பு என்னோடது."

ப்ளாகொயே புத்தகத்தை மூடி, தூசி பட்டிருக்குமோ என்று அட்டையைச் சட்டையில் துடைத்து, திருப்பிக் கொடுத்தான். "பிரஷ் எல்லாம் கழுவிக் கட்டியாச்சு" என்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திரும்பி வரும்போது ஜிவாதின் நாளைய ஸ்லாவாவைப் பற்றி ஒரு வார்த்தை அங்கே பேசவில்லை என்பதைக் கவனித்தேன். பேசக் கூடாதுதான். நானாக இருந்தால் பேசியிருப்பேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது.

திங்கள் காலையிலிருந்தே அவர்கள் வீட்டில் ஆள் வந்துகொண்டிருந்தது. வாசலில் நுழைந்ததும் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை, ஒரு மிடறு மது, பிறகு மேசை. சூப், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மா, பன்றி வறுவல். வீட்டுக்காரன் அன்று முழுக்க உட்காரக் கூடாது. நின்று பரிமாற வேண்டும். ஜிவாதின் நின்றான். ஒவ்வொரு முறை படல் கிரீச்சிட்டபோதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஆலைக்காரர்கள் வந்தார்கள், நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். அடுப்பங்கரையில் தெசாங்கா சர்மாவை மூன்றாவது முறை சூடாக்கினாள்.

"பானை அடி பிடிக்குது" என்றேன்.

"பிடிக்கட்டும்."

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. மேசையில் நானும் இரண்டு கிழவர்களும்தான். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. படல் கிரீச்சிட்டது.

ப்ளாகொயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். சிலுவைக் குறி போட்டான். "வீட்டுக்காரரே, ஸ்லாவா நல்லபடியா அமையட்டும்" என்றான், யாரோ மூன்றாம் மனிதர் வீட்டில் சொல்வது போல. ஜிவாதின் கோதுமைக் கிண்ணத்தை நீட்டினான். கரண்டி கிண்ணத்தில் டகடகவென்று அடித்தது. ப்ளாகொயே அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

தெசாங்கா தட்டோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி சாப்பிடச் சாப்பிட இலைச் சுருட்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

"போதும்க்கா. பஸ்ல பதினாலு மணி நேரம் உக்காரணும்."

"பேசாம தின்னு. எளச்சுப் போயிட்ட. அங்க உனக்கு யாரு இதெல்லாம் செய்வா?"

"என் மகளுக்குச் செய்யத் தெரியும்."

"தெரியும். அரிசிய அள்ளிக் கொட்டுவா. கஞ்சி மாதிரி இருக்கும்."

ஜிவாதினோடு அவன் பேசவில்லை. ஜிவாதின் ரொட்டி வைத்தால் எடுத்துக்கொண்டான், மது ஊற்றினால் குடித்தான், அவ்வளவுதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? தெசாங்காவுக்கு அவள் கேட்ட ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அது போதவில்லை என்று தெரிந்தது.

எழுந்தான். தொப்பியை எடுத்தான். வாசல் வரை போனவன் அங்கேயே நின்று, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"அத்தான், எம்பத்தெட்டு இருக்கா?"

ஜிவாதினுக்கு முதலில் விளங்கவில்லை.

"அதுக்கப்புறம் நான் படிக்கல. வேற எவன்கிட்டயும் வாங்கவும் பிடிக்கல. பீரங்கிக்கு நடுவுல அந்தாள விட்டுட்டுப் போனேன். என்ன ஆனான்?"

ஜிவாதின் உள்ளே ஓடினான். அலமாரிக் கதவு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. எண்பத்தெட்டிலிருந்து கடைசி வரை இரண்டு பெட்டிகளில் அள்ளிப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தாடையால் அழுத்திக்கொண்டு வந்தான். "எடுத்துட்டுப் போடா. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. உனக்குத்தான்."

"எல்லாம் எனக்கு எதுக்கு?" ப்ளாகொயே பெட்டியில் விரல் விட்டு ஒரே ஒரு புத்தகத்தை உருவினான். "இது ஒண்ணு போதும்."

"அங்க போயி இது முடிஞ்சதும் என்ன செய்வ?"

"கொண்டாந்து குடுத்துட்டு அடுத்தது வாங்கிட்டுப் போவேன். இரவல்னா அப்படித்தானே?"

நைலான் உறையைப் பிரித்து ஜிவாதின் கையிலேயே கொடுத்தான். புத்தகத்தைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிப் போனான். ஜிவாதின் பெட்டிகளோடு வாசலிலேயே நின்றான்.

தெசாங்கா எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள், விட்டுவிட்டாள், மறுபடி எண்ணினாள்.

"வீதோ, மொத்தம் இருநூத்திப் பன்னெண்டுதானே? அப்படின்னா நூத்தி இருபத்தஞ்சு தடவை வரணும் அவன்."